கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்: ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’

செந்தூல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நம் மலேசியப் பள்ளிகளில் குறைநீக்கல் வகுப்பு (படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு) ஆசிரியர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாடத்தை இணையக் கருவியில் ஒட்டி, குரலைத் தேர்ந்தெடுத்து, ஒலிக்கோப்பாக இறக்கி, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவது எப்படி என்று ஒரு பகுதி உண்டு. கருவியை ‘உரை-பேச்சு மாற்றி’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பிறை ஐயா:
ஒப்பாததில் வியப்பில்லை அம்மா. உரை என்றாலே பேச்சுதானே? நாளிதழில் ‘பிரதமர் உரை’ என்று பார்த்தால் யாரும் டெக்ஸ்ட் என்று நினைப்பதில்லை. பேச்சைப் பேச்சாக மாற்ற எதற்குக் கருவி? ‘எழுத்து’ என்று போட்டாலும் தீராது. தொல்காப்பியருக்கு எழுத்து முதலில் ஒலி. எழுத்து பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலை ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று மூச்சுக்காற்றிலிருந்துதான் தொடங்குகிறார். நான் ‘ஓதி’ என்பேன். ஓதுவார் தேவாரம் ஓதுகிற அதே ஓதுதல்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
ஐயா, ‘அஞ்சில் ஓதி’ என்று சங்கப் பாட்டில் படித்தவனுக்கு ஓதி பெண்ணின் கூந்தல் ஆயிற்றே. ‘நவிலி’ என்று வையுங்கள். ‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்கிறது குறள் 783. அங்கே நவில்தல் நூலைத் திரும்பத் திரும்பக் கற்பது. நவிலுதல் என்றால் சொல்லுதலும் ஆகும். படிப்பும் குரலும் ஒரே வேரில் கிடைக்கும்போது ஒட்டுச்சொல் எதற்கு?

செந்தூல் ஆசிரியை:
அழகான சொல் அண்ணா. ஆனால் பயிற்சிப் பட்டறைக்கு வரும் ஆசிரியர்களில் பாதிப் பேர் ‘அப்படின்னா?’ என்று கேட்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி (மென்பொருள் வேலை):
எனக்கு இடிப்பது ‘மாற்றி’. நடப்பது வெறும் மாற்றம் இல்லை. தமிழில் ஒரே ‘க’ ‘பக்கம்’ என்ற சொல்லில் ஒருவிதம், ‘பங்கு’ என்பதில் ஒருவிதம், ‘பகல்’ என்பதில் இன்னொரு விதமாக ஒலிக்கும். வரிவடிவம் அதைக் காட்டாது. கருவிதான் இடம் பார்த்து ஒலிக்க வேண்டும். எண்ணையும் சுருக்கத்தையும் முதலில் சொல்லாக விரிக்க வேண்டும், பிறகு ஏற்ற இறக்கம். மலாய் ஊர்ப்பெயர் வந்தால் இன்னும் சிக்கல். Pantai என்ற ஊரைப் ‘பந்தாய்’ என்று எழுதினால் ந்-ஐ அடுத்த த மெலிந்து Pandai போல ஒலித்து, ஊரே வேறு ஊர் மாதிரி கேட்கிறது. ஆசிரியர்கள் கோப்பை ஒருமுறை முழுக்கக் கேட்ட பிறகே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள் அக்கா. திணறுகிற பிள்ளை கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும்.
மைக்ரோசாப்ட் குரல் பட்டியலில் மலேசியத் தமிழுக்கு என்றே கனி, சூர்யா என்று இரண்டு குரல்கள் உண்டு. சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு.
சொல்லுக்கு வருகிறேன். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கருவியைப் பார்வையற்ற நண்பர்கள் ‘திரைவாசிப்பான்’ என்கிறார்கள். அதன் தம்பியாகக் ‘குரல்வாசிப்பான்’ இருக்கட்டுமே.

பிறை ஐயா:
வாசி வடமொழி வழி வந்தது. -ஆன் ஆண்பால் ஈறு. கனி என்ற பெண்குரலை வாசிப்பான் என்பதா?

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
ஐயா, அது குரல், வாசிப்பான் கருவி. வானொலியில் செய்தியை வாசிக்கத்தானே செய்கிறார்கள்? கேட்டதும் புரிகிற சொல்லை வேரைக் காட்டித் தள்ளினால் பிள்ளைகள் ‘டிடிஎஸ்’ என்று ஆங்கிலச் சுருக்கத்தையே சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
புரியாத சொல்லும் பழகினால் புரியும். ‘கணினி’ என்ன, பிறக்கும்போதே புரிந்ததா?

செந்தூல் ஆசிரியை:
நேரமில்லை. கேட்டதும் புரிகிறது என்பதால் நான் குரல்வாசிப்பான் பக்கம். கருவிக்கு அது, செயலுக்குக் ‘குரல்வாசிப்பு’. உரை-பேச்சு மாற்றியை எடுத்துவிட்டேன். ‘நவிலி’யைக் கலைச்சொல் பட்டியலில் பக்கத்திலேயே தருகிறேன். சரியா அண்ணா?

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
பட்டியலில் வந்தால் போதும். ஆனால் முடிவுக்கு நான் ஒப்பவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறை ஐயா:
ஓதியையும் சேர்க்கவும்.