பேண்ட் போட மாட்டேன்னா லானா டர்னர் படத்தையே விட்டாங்க?

பழையபட_கிறுக்கன்:
நேத்து ராத்திரி 1959ல வந்த 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' பாத்தேன். லீ ரெமிக் பண்ண லாரா ரோல் முதல்ல ஹாலிவுட் ஹீரோயின் லானா டர்னருக்குத்தான் போச்சாம், டிரஸ் தகராறுல விலகிட்டாங்களாம். ரெடிமேட் பேண்ட்டுக்காக யாராவது இப்படி ஒரு படத்தை விடுவாங்களா, இல்ல உள்ள சம்பளப் பஞ்சாயத்து ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா

மேட்னி_ஷோ:
ஆரம்பிச்சது டிரஸ்லதான். ஆட்டோ ப்ரெமிஞ்சர் அந்தப் படத்துக்கு டைரக்டர் மட்டுமில்ல, தயாரிப்பாளரும் அவரேதான், அதனால அப்பீலுக்குப் போக வேற ஆளே இல்ல. லானா, ஜான் லூயிதான் எனக்கு டிரஸ் டிசைன் பண்ணணும்னாங்க. இவரு, ட்ரெய்லர் வண்டி வீட்டுல குடியிருக்கற மிலிட்டரிக்காரன் பொண்டாட்டி ரோலுக்கு எதுக்கு டிசைனர், கடைல வாங்கறதே போதும்னுட்டாரு. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரியுது, ஏன்னா அந்த டைட் பேண்ட்தான் கதையே, புருஷன் மேல இருக்கற கொலைக் கேஸ் முடியற வரைக்கும் ஒழுங்கா ஸ்கர்ட் போடு, கண்ணாடி மாட்டுன்னு வக்கீலா வர்ற ஜேம்ஸ் ஸ்டூவர்ட் லாராகிட்ட சொல்லுவாரே, ஜான் லூயி கவுன்ல வந்து நின்னா அந்த சீனே செத்துடும்

வசந்தா65:
தம்பி ஒரு பக்கமா பேசாதீங்க. டிரஸ் மாதிரி சின்ன விஷயத்துக்கெல்லாம் நான் படத்தை விடல, அந்த மனுஷன் கோபத்தைத் தாங்க முடியலன்னுதான் லானாவே சொன்னாங்க. ப்ரெமிஞ்சர் செட்ல கத்தறது ஊரறிஞ்ச விஷயம். அப்புறம் அவங்களுக்கு டிரஸ்ங்கறது வெறும் பகட்டு இல்ல, தொழில். அதே வருஷம் வந்த 'இமிட்டேஷன் ஆஃப் லைஃப்'ல அவங்க டிரஸ் எல்லாம் ஜான் லூயிதான், அதைப் பாக்கவே லேடீஸ் கூட்டம் வந்துச்சு. அதுல சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு லாபத்துல பாதி கேட்டு வாங்கினாங்க, 20 லட்சம் டாலருக்கு மேல வந்துச்சுன்னு சொல்றாங்க. கணக்கு தெரிஞ்ச பொம்பள

டூரிங்_டாக்கீஸ்:
எல்லாருக்கும் அப்படி வாய்க்கலயே. மர்லின் மன்றோவுக்கு 1954ல ஒரு படத்துக்கு வாரம் 1,500 டாலர், கூட நடிக்க இருந்த சினாட்ராவுக்கு 5,000. கதையும் பிடிக்கல, நடிக்க மாட்டேன்னதும் ஃபாக்ஸ் பட கம்பெனி சஸ்பெண்டே பண்ணுச்சு. அப்புறம் சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சு முறைச்சுக்கிட்டு நின்னுதான் 1955 கடைசில படத்துக்கு ஒரு லட்சம் டாலர்னு புது ஒப்பந்தம், டைரக்டர் யாருன்னு ஓகே சொல்ற உரிமையும் சேத்து

பழையபட_கிறுக்கன்:
வசந்தாம்மா செம. அப்ப இதுல லாபம் லீ ரெமிக்குக்குத்தான்

வசந்தா65:
அந்தப் பொண்ணு குழந்தை பெத்து சில வாரம்தான் ஆகியிருந்துச்சு, அதுக்குள்ள அந்த டைட் பேண்ட்டை மாட்டிக்கிட்டு மிச்சிகன் குளிர்ல ஷூட்டிங்