உச்சந்தலையில் தட்டினேன்: சேர்க்கைக்கு வந்த பெற்றோரும் பாதுகாப்பு விதிகளும் (அனுபவப் பகிர்வு)

திருச்சி டேகேர் டீச்சர்

சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்குச் சுற்றிக் காட்டுவது எங்கள் இடத்தில் என் வேலை. கேட், பிக்கப் கார்டு, கேமரா, பிளக் பாயிண்ட் மூடி, பாத்ரூம் வாளியில் தண்ணீர் நிற்கவிடுவதில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். போன மாதம் பத்து மாதக் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், தூங்கும் அறை அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இவளுக்குத் தொண்டையில ஏதோ அடைச்சிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. என்ன செய்வீங்க, காட்டுங்க."

முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் எனக்குப் பின்னால் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. என் கை என்ன செய்தது தெரியுமா? பொம்மையை நிமிர்த்திப் பிடித்து உச்சந்தலையில் தட்டியது. புரையேறினால் என் அம்மா எனக்குத் தட்டுவாரே, அதே மாதிரி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மையை வாங்கி, அதன் சட்டையை இழுத்துச் சரிசெய்து, திரும்ப அலமாரியில் வைத்தார். ஃபீஸ் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தச் சட்டையைச் சரிசெய்த கைதான் ராத்திரியெல்லாம் கண்முன் வருகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஈரோடு மழலையர் பள்ளி

எனக்கு நடந்தது வேறு மாதிரி. கார்டு இல்லாமல் யார் வந்தாலும் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று சேர்க்கையன்றே சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். "சூப்பர் மேடம், இதுக்காகத்தான் இங்க சேர்க்கறோம்" என்று சொன்ன அப்பா அவர். நவம்பரில் ஒரு நாள் நல்ல மழை. கார்டு இல்லாமல் தாத்தா வந்து நிற்கிறார். அப்பா, அம்மா இருவருமே ஃபோனை எடுக்கவில்லை. பிள்ளை கிரில் வழியாகக் கையை நீட்டி "தாத்தா, தாத்தா" என்று அழுகிறது. நான் அனுப்பவில்லை. முக்கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே வேட்டி நனைய நின்றார். சாயங்காலம் அப்பா வந்து, "எங்க அப்பாவைப் பார்த்தா பிள்ளை பிடிக்கறவர் மாதிரியா இருக்கு?" என்று கத்தினார். மறுநாளே பிள்ளையை நிறுத்திவிட்டார்கள்.

அனுப்பாதது சரிதான், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு, உள்ளே வந்து உட்காருங்க ஐயா என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை. இப்போது சேர்க்கைக்கு வருகிறவர்களிடம், "உங்க அப்பா ஒரு நாள் கார்டை மறந்துட்டு வருவார். நாங்க உட்காரவெச்சு காபி கொடுப்போம். ஆனா உங்க குரலைக் கேட்காம பிள்ளையை மட்டும் தர மாட்டோம்" என்று சொல்கிறேன்.

கும்பகோணத்துக்காரன்

ஈரோடு டீச்சருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கியதால் சொன்னதாக ஆகிவிடாது. ஃபீஸ் கட்டும் அவசரத்தில் ஏழெட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறோம், யார் படிக்கிறார்கள்? தினமும் பிள்ளையைக் கூட்டிப்போவது யாரோ, அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு அந்த விதி இருப்பதே தெரிந்திருக்காது.

என் கதை இதுதான். மகளுக்காகச் சென்னையில் நான்கு இடம் பார்த்தோம். மூன்றாவது இடத்தில் மாடியில் வகுப்பு. கேமராவைப் பற்றியே இருபது நிமிடம் சொன்னார்கள், ஆபீஸிலிருந்தே ஃபோனில் பார்த்துக்கொள்ளலாமாம். மாடியின் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு இருந்தது. "இதைத் திறந்து காட்டுங்க" என்றேன். "சாவி மேடம்கிட்ட இருக்கு சார். மேடம் தாம்பரம் போயிருக்காங்க." கதவை மறைத்து உடைந்த மூன்று சக்கர சைக்கிள்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

2004 ஜூலை 16 அன்று நான் கும்பகோணத்தில் எட்டாம் வகுப்பு, வேறு பள்ளி. சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 பிள்ளைகள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. "ஏன் எல்லா இடத்துலயும் போய்க் கதவையே பார்க்கறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான் வேறு எதைப் பார்ப்பது?

ஈரோடு மழலையர் பள்ளி

தாத்தாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்க்கையன்று தாத்தாவை யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. பெற்றோருக்கே அரை மணி நேரம் உட்கார நேரமில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்வது அவர்கள் பொறுப்பு இல்லையா? கதவு விஷயத்தில் உங்களோடு எனக்கு வாதமே இல்லை. இன்று மாலை எங்கள் பின்வாசலை நானே திறந்து பார்த்தேன்.

குழந்தைகள் வார்டு நர்ஸ்

என் அனுபவம் சின்னது. என் மகனைச் சேர்க்கப் போன இடத்தில், சாப்பாடு தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நடக்காது மேடம், நாங்க பார்த்துப் பார்த்து ஊட்டுவோம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

திருச்சி டீச்சர் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். யாராவது ஒருவர் படித்தாலும் போதும். குழந்தை சத்தமாக இருமுகிறது, அழுகிறது என்றால் தட்டவே வேண்டாம், இருமவிடுங்கள். சத்தம் வரவில்லை, மூச்சு வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால்தான் இதெல்லாம். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தாடையை விரல்களால் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கைக்குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பினால் உடனே சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாய் வழியாக மூச்சு ஊதுவது), இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும். உச்சந்தலையில் தட்டுவதால் எதுவும் வெளியே வராது டீச்சர், ஆனால் நம் எல்லார் கையும் முதலில் அங்கேதான் போகும்.

அப்புறம் தீனி. முழுத் திராட்சை, வேர்க்கடலை, வட்டமாக வெட்டிய காரட், விநாயகர் சதுர்த்திக்கு ஆசையாகக் கொண்டுவரும் சுண்டல், இவை எதுவும் சின்னப் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பாட்டுப் பாடும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும், அதன் மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்திலேயே அரித்துவிடும். வாந்தி எடுக்கவைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கைக்குழந்தைகளை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தலையணை வேண்டாம்.

கம்பெனி கிரெச்சில் வேலை

மருந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் கிரெச் (ஊழியர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம்) வேண்டும் என்று 2017இல் சட்டத்தைத் திருத்திய பிறகு ஆரம்பித்த இடம் எங்களுடையது. புதிதாகச் சேர்க்க வந்த ஒரு அம்மாவிடம், டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்க மாட்டோம் என்று சொன்னேன். "பாராசிட்டமால்தானேங்க, காய்ச்சல் அடிச்சா 4 மில்லி கொடுத்துடுங்க, வீட்ல எப்பவும் அதான்" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கி லேபிளைப் படித்தேன். அது டிராப்ஸ், 1 மில்லியில் 100 மில்லிகிராம். வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிற சிரப். அதாவது அதே 4 மில்லியில் நான்கு மடங்கு மருந்து உள்ளே போயிருக்கும். குழந்தையின் எடை 8 கிலோ.

காலை அவசரத்தில் மாமியார் எடுத்து வைத்த பாட்டிலாம். அவர் என் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார். எனக்கு உறுத்துவது வேறு. அதற்கு முன் எத்தனை பாட்டிலை லேபிள் பார்க்காமல் வாங்கி அலமாரியில் வைத்தேனோ!

திருச்சி டேகேர் டீச்சர்

எல்லாவற்றையும் படித்தேன். நர்ஸ் அக்கா எழுதியதை எங்கள் ஆயாம்மாக்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு வாரமாகக் காலை எட்டரைக்கு, பிள்ளைகள் வருவதற்கு முன், மூவரும் அந்தப் பொம்மையை வைத்துச் செய்து பார்க்கிறோம். பெரிய ஆயாம்மாவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. எனக்கு நான்காவது நாளும் கை தலைக்குத்தான் போனது. பயிற்சிக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் நம்பர் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க இல்லை, இப்போது செய்து காட்ட முடியும் என்று சொல்லத்தான். இரண்டு தடவை நம்பரைப் போட்டுவிட்டுக் கட் செய்துவிட்டேன்.

கும்பகோணத்துக்காரன்

கூப்பிடுங்க டீச்சர். அந்த மூன்றாவது இடத்திலிருந்து "சாவி வந்திடுச்சு சார், கதவைத் திறந்து வெச்சிருக்கோம்" என்று யாராவது கூப்பிட்டிருந்தால், அன்றைக்கே மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பேன்.