புதுப்பிப்பு: சுற்றுக்கு விட்ட நாவல் வீடு திரும்பியது

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் த விகரேஜ்' (1930) என்னிடம் ஒரே பிரதிதான் இருக்கிறது, கைமாற்றிப் படிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். நிபந்தனை ஒன்றுதான்: முடிவைப் படிக்கும் முன் கொலையாளியின் பெயரைத் தாளில் எழுதி, மடித்து, பின்னட்டைக்குள் வைக்க வேண்டும்.

நேற்றுத் தபாலில் வந்துவிட்டது. ஐந்து பேர் படித்திருக்கிறார்கள். முதுகு சற்றே விரிந்திருக்கிறது, ஒரு பக்க ஓரத்தில் மஞ்சள் விரல் தடம். சாப்பாட்டு நேரத்திலும் கீழே வைக்க மனம் வரவில்லை போலும். எனக்கு மகிழ்ச்சிதான்.

ஐந்து தாள்களில் ஒன்றுதான் சரி! மூன்று பேரைக் குழப்பியது பாதிரியாரின் கடிகாரம். நேரம் தவறக்கூடாதென்று அவர் அதைக் கால் மணி நேரம் கூட்டியே வைத்திருப்பார். கர்னல் சுடப்பட்டுக் கிடக்கும் மேசையில் அது 6.22இல் நின்றிருக்கிறது. பாதிரியார் விஷயத்தைச் சொல்ல வந்தாலும் இன்ஸ்பெக்டர் காது கொடுப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபடி போவோர் வருவோரையெல்லாம் கவனிக்கும் மிஸ் மார்ப்பிளை நம்பியவர் மட்டும் தப்பித்தார்.

அடுத்து, இந்தக் கதை நடக்கும் அதே செயின்ட் மேரி மீட் கிராமத்தில் தொடங்கும் 'தி பாடி இன் த லைப்ரரி' (1942). அட்டை போட்டுவிட்டேன். முதலில் கேட்பவருக்குத் திங்களன்று அனுப்புகிறேன்.