ஒரே வரி, மூன்று தடவை

வியன்னாவில் வேலை பார்த்தபோது எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு சரயேவோக்காரர் இருந்தார்; சரயேவோ இன்றைய போஸ்னியாவின் தலைநகரம். புதிதில் எந்த நாடு என்று கேட்டேன். "பிறந்தது யுகோஸ்லாவியா" என்றார். அதுதான் பல நாடாக உடைந்து இப்போது இல்லையே என்று அசட்டுத்தனமாக நான் சொல்ல, "நான் இருக்கேனே" என்று சிரித்தார்.

அப்பா போஸ்னிய முஸ்லிம், அம்மா செர்பியர். 1991 கணக்கெடுப்பில் இரண்டு பேரும் இனம் என்ற இடத்தில் யுகோஸ்லாவியர் என்றே எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஏப்ரலில் ஊரைச் சுற்றி முற்றுகை, 1425 நாள். 1984-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த மலைகள், இவர் சின்னப் பையனாகப் பனியில் சறுக்கி விளையாடிய மலைகள், அங்கிருந்துதான் ஷெல் வந்து விழுந்தது. குழாயில் தண்ணீர் கிடையாது. ஊரில் உள்ள பீர் ஆலையின் ஊற்றில் வரிசையில் நின்று பிடிக்க வேண்டும், பதினொரு வயசுப் பையன் கைக்கொரு கேன். சத்தம் கேட்டால் தரையில் படுக்கணும், ஆனால் கேன் கவிழ்ந்தால் மறுபடி வரிசைக்குப் போகணும், அதனால் முதலில் கேனை நேராக வைத்துவிட்டுத்தான் படுப்பாராம். இதைச் சொல்லும்போது காபிக் கோப்பையை எடுத்து மேஜையில் அப்படியே மெதுவாக வைத்துக் காட்டினார்.

நானும் எல்லாரையும் போல, நூற்றாண்டுக் கால இனப்பகை வெடித்தது என்று ஒருமுறை உளறிவிட்டேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா எங்க அம்மா அப்பா எப்படிக் கல்யாணம் பண்ணினாங்க?" அவர் சொன்ன கணக்கு வேறு: 1980-ல் யுகோஸ்லாவியாவை நெடுநாள் ஆண்ட டிட்டோ இறந்தார், கடனும் விலைவாசியும் கழுத்தை நெரித்தன, செர்பியத் தலைவர் மிலோசெவிச்சும் குரோஷியத் தலைவர் துஜ்மானும் ஆளுக்கொரு பக்கம் இனத்தைச் சொல்லி ஆள் சேர்த்தார்கள், 1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் யுகோஸ்லாவியாவிலிருந்து விலகின, அப்புறம் துப்பாக்கிதான். எனக்கும் இதுதான் சரியென்று படுகிறது.

ஒரு தடவை ஊருக்குப் போய்வந்து சிகரெட் பெட்டி ஒன்றைக் காட்டினார். புகைபிடித்தல் கொல்லும் என்ற எச்சரிக்கை மூன்று தடவை: போஸ்னிய மொழி, குரோஷிய மொழி, செர்பிய மொழி. முதல் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவதில் லிபி மட்டும் சிரிலிக், ரஷ்ய எழுத்து மாதிரி.

1995 டேட்டன் ஒப்பந்தம் போரை நிறுத்தியது உண்மை. கூடவே, போஸ்னியாவின் அதிபர் குழுவில் மூன்றே இடம், போஸ்னிய முஸ்லிம், குரோஷியர், செர்பியர் என்று இனத்துக்கு ஒன்று. மூன்றில் எதுவும் இல்லை என்பவர் 'மற்றவர்கள்', அவர் போட்டியிட முடியாது. இது பாகுபாடு என்று 2009-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியும் மாற்றவில்லை. நீங்கள் என்ன தேர்தலிலா நிற்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"நிக்கப்போறதில்லை. ஆனா நிக்காம இருக்கிறது என் முடிவா இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியிலிருந்தே ஒன்றை உருவிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.