ஐம்பதை நெருங்கும் வயதில் அலுவலகம் செல்ல எந்த சைக்கிள்?

கேள்வி:
எனக்கு வயது 49. வீட்டிலிருந்து அலுவலகம் 7 கிலோமீட்டர் தொலைவு. இடையில் வரும் ஒரு மேம்பாலத்தைத் தவிர எல்லாம் சமதளம்தான். கல்லூரிக் காலத்துக்குப் பின் சைக்கிளைத் தொடாத நான், அண்ணன் மகனின் மலைப்பாதை சைக்கிளை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாளே உள்ளங்கைகள் மரத்துப்போயின. நான்காம் நாள் வலது முழங்காலின் முன்புறம் வலிக்கத் தொடங்கியது. உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனும் தடித்த மெத்தை சீட்டும் உள்ள வண்டியாக வாங்கினால் இத்தொல்லைகள் தீருமா?

பதில் 1:
வண்டி தங்கள் உடலுக்குப் பொருந்தவில்லை என்றே தோன்றுகிறது. ஹேண்டில்பார் தாழ்வாகவோ எட்டத்திலோ இருந்தால் மேலுடம்பின் பாரம் கைகளில் இறங்கும். முழங்காலின் முன்புறம் வலிப்பதற்குத் தாழ்ந்த சீட்டும், கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் வழக்கமான காரணங்கள். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவாருங்கள்; கால் அப்போது நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கையில் அதே உயரத்தில் முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். இந்த உயரத்தில் அமர்ந்தவாறே இரு பாதங்களையும் முழுமையாகத் தரையில் ஊன்ற முடியாது என்பதால், நம் வயதினர் பலரும் விழுந்துவிடுவோமோ என்று பயந்து சீட்டை இறக்கிவிடுகிறோம். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். குறுக்குக்கம்பி தாழ்ந்த வண்டியில் இது மிக எளிது. அதைப் பெண்கள் வண்டி என்று ஒதுக்காதீர்கள்.

பதில் 2:
சஸ்பென்ஷன் வேண்டாம். விலை குறைந்த வண்டிகளில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), எடையைக் கூட்டுவதோடு, மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது தங்கள் விசையில் ஒரு பங்கையும் விழுங்கிவிடும். 40 மில்லிமீட்டர் அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்தாலே சாலையின் அதிர்வு பெரிதும் அடங்கும். கியர் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள உருளையான ஹப்புக்குள்ளேயே இருக்கும் வகையைப் பாருங்கள்: சிக்னலில் நின்றுகொண்டே மாற்றலாம், மழையும் சேறும் அண்டாது. பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்றுவதுதான் அதில் கொஞ்சம் தலைவலி. மட்கார்டு, செயின் கவர், கேரியர் மூன்றும் வண்டியோடு வருகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

பதில் 3:
ஒரு திருத்தம். முற்றிலும் நிமிர்ந்து அமர்ந்தால் கைகள் பிழைக்கும். ஆனால் பாரம் முழுவதும் சீட்டில் இறங்கும், எதிர்காற்றும் மார்பில் அறையும். சற்றே முன்சாய்ந்த நிலைதான் இந்தத் தொலைவுக்கு ஏற்றது. மெத்தை சீட்டில் சிறிது நேரத்திலேயே நாம் அமரும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளும் புதைந்து, நடுவிலுள்ள மென்சதை நசுங்கத் தொடங்கும். உறுதியான, போதிய அகலமுள்ள சீட்டே மேல். நெளி அட்டை ஒன்றைப் படிக்கட்டில் வைத்து, அதன்மேல் முன்சாய்ந்து ஒரு நிமிடம் அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். அவ்விரு எலும்புகளையும் தாங்கி, ஓரங்களிலும் சிறிது இடம் விடும் அகலம் வேண்டும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இரவல் வண்டியின் சீட்டை 3 சென்டிமீட்டர் உயர்த்தினேன். மூன்று நாட்களாக முழங்கால் வலி இல்லை. அட்டையில் குழிகளுக்கு இடையே 13 சென்டிமீட்டர் வந்தது. கைகள் மட்டும் இன்னும் மரத்துப்போகின்றன. ஹேண்டில்பாரை உயர்த்த அந்த வண்டியில் வழியில்லை. எனவே சனிக்கிழமை, குறுக்குக்கம்பி தாழ்ந்த ஹப் கியர் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கப் போகிறேன், அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு.