புதுப்பிப்பு: சனிக்கிழமை ரீஃப் (கடலடிப் பாறைத்திட்டு) அலைச்சறுக்கு, இறங்கும் நேரம் மாறுகிறது

புதனன்று 1.5 மீட்டர் உயரம், அலைக்கு அலை 9 வினாடி இடைவெளி உள்ள ஸ்வெல் (தொலைவிலிருந்து உருண்டு வரும் அலை) என்றும், விடியற்காலையிலேயே இறங்கலாம் என்றும் எழுதியிருந்தேன். புதிய கணிப்பில் உயரம் அதேதான், ஆனால் இடைவெளி 14 வினாடி. உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 9 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 126 மீட்டர், 14 வினாடிக்கு 306. நீளத்தில் பாதி ஆழத்திலேயே அலை அடித்தளத்தை உணர ஆரம்பிக்கும். அதனால் 153 மீட்டர் ஆழத்திலிருந்தே வளைந்து ரீஃப் பக்கம் குவியும். உடையும்போது 2 மீட்டரைத் தாண்டலாம்.

காலை 6:30-க்கு நீர் வற்றம். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடையும்; வற்றத்தில் உடைந்த இடத்துக்கு அடுத்தே பாறை தலைகாட்டும். விடியற்காலை வேண்டாம். 9 மணிக்கு மேல் இறங்கி, 11-க்குள், கடற்காற்று கிளம்பி அலைமுகத்தைக் கலைக்கும் முன், முடித்துவிடுங்கள்.

இறங்குவதற்கு முன் கரையில் 20 நிமிடமாவது நில்லுங்கள். நீண்ட இடைவெளி ஸ்வெல்லில் பெரிய அலைத்தொகுதிகளுக்கு நடுவே கடல் வெகுநேரம் அமைதியாகக் கிடக்கும், அதை நம்பி ரீஃப் மேலேயே துடுப்பிட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. பக்கத்து ஆழ்வாய்க்கால் வழியே போங்கள். விழுந்தால் தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். இடி கேட்டால் வெளியேறி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருங்கள்.