புதுப்பிப்பு: அந்த உள்ளான் வுட் சாண்ட்பைப்பர்தான்

சேற்றில் மேய்ந்த ஓர் உள்ளானின் (நீர்க்கரைப் பறவை) மூன்று படங்களைப் போட்டு, பார்க்க ஒன்றுபோல இருக்கும் கிரீன் சாண்ட்பைப்பர், வுட் சாண்ட்பைப்பர் என்ற இரண்டு உள்ளான் வகைகளில் இது எது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, வுட்தான்.

கால் நிறத்தைப் பார்க்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், கால் முழுக்கச் சேறு அப்பிக் கிடந்தது. கைகொடுத்தது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்ன யோசனைதான்: மறுநாள் விடியலில் காத்திருந்து, அது எழும்பும்போது எடுத்த படத்தில் அடிப்பக்கம் வெளிறித் தெரிந்தது, கிரீனுக்கு அங்கே கிட்டத்தட்ட கறுப்பு. அப்புறம் வெள்ளைப் புருவக் கோடும் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீள்கிறது, அதுவும் வுட்டின் அடையாளம்தான்.

எதிர்பாராதது என்னவென்றால், மூன்றாவது படத்தில் இருப்பது வேறு பறவை! வயிற்றின் வெள்ளை தோளருகே மேலேறியிருக்கிறது, அது காமன் சாண்ட்பைப்பர் என்ற இன்னொரு வகை உள்ளான். இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால்தான் இத்தனை குழப்பம்.